அகழிக்குள் நாலு வருஷம்: சிப்பாய் ஏன் ஓடிப்போகவில்லை?

கேள்வி, 11 நவம்பர்

முதல் உலகப் போர்ப் படங்கள் எதைப் பார்த்தாலும் ஒரே காட்சி. சேற்றில் உட்கார்ந்திருக்கிறார்கள், விசில் ஊதுகிறது, ஏணி ஏறுகிறார்கள், மெஷின்கன் முன்னால் விழுகிறார்கள். நாலு வருஷம் இதே கதை. ஓடினால் பின்னால் நிற்கும் அதிகாரி சுட்டுவிடுவான் என்ற பயம் ஒன்றுதானே இவர்களைப் பிடித்து வைத்தது? வேறு என்ன காரணம் இருக்க முடியும்?

11 நவம்பர், மதியம்

இன்று இங்கே போர்நிறுத்த நாள் விடுமுறை, உட்கார்ந்து எழுத நேரம் இருக்கிறது. நான் பிரான்ஸின் வடக்கே, லீல் பக்கம் இருக்கிறேன். அந்தப் போர்முனை ஓடிய வயல்களைத் தாண்டித்தான் வேலைக்குப் போய் வருகிறேன்.

பயம் இருந்தது. ஆனால் பயத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் விடை வராது. பிரிட்டிஷ் ராணுவம் அந்தப் போரில் 3,000-க்கும் மேற்பட்ட மரண தண்டனைகளை விதித்தது. பத்தில் ஒன்பது பங்கு பிறகு குறைக்கப்பட்டுவிட்டது. ஓடிப்போனது, கோழைத்தனம் போன்ற குற்றங்களுக்காகச் சுடப்பட்டவர்கள் 306 பேர். 2006-ல் அவர்களுக்கு மன்னிப்பும் வந்தது. 306 சின்ன எண் என்று சொல்ல மாட்டேன், ஒவ்வொன்றும் விடியற்காலையில் கம்பத்தில் கட்டிச் சுட்ட உயிர். ஆனால் 50 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் சேவை செய்த ராணுவத்தை அதை மட்டும் காட்டி நிற்க வைக்க முடியாது.

அப்புறம் அந்தப் 'பின்னால் நிற்கும் அதிகாரி'. பிரிட்டிஷ் இளநிலை அதிகாரிகள் பெரும்பாலும் ஆட்களுக்கு முன்னால்தான் ஏறினார்கள். சிப்பாய்களில் சுமார் 12 சதவீதம் பேர் இறந்தார்கள், அதிகாரிகளில் சுமார் 17 சதவீதம். பின்னால் ஒளிந்து நின்றவர்களுக்கு இந்தக் கணக்கு வராது.

படங்கள் விட்டுவிடுகிற பெரிய விஷயம் வேறு: சிப்பாய் எப்போதும் முன்வரிசையில் இருக்கவில்லை. முன்வரிசை அகழி, அதற்குப் பின்னால் துணை அகழி, அதற்கும் பின்னால் சேமப்படை, அப்புறம் ஊருக்குள் ஓய்வு என்று முறை வைத்துச் சுற்றினார்கள். சார்ல்ஸ் காரிங்டன் என்ற இளம் பிரிட்டிஷ் அதிகாரி, 1916-ஆம் வருஷம் தன் பட்டாலியனோடு (சில நூறு பேர் கொண்ட படைப்பிரிவு) எங்கெங்கே இருந்தார் என்று பிறகு நாள்வாரியாகக் கணக்கெடுத்தார். முன்வரிசையில் 65 நாள், அதை ஒட்டிய துணை அகழியில் 36 நாள். பிரான்ஸில் சோம் ஆற்றோரம் பெரும் சண்டை நடந்த வருஷத்திலேயே அவ்வளவுதான். மீதி நாளெல்லாம் பின்னால்: பயிற்சி, மூட்டை தூக்குதல், பாதை போடுதல், குளியல், கால்பந்து.

என் கருத்து இது, மறுப்பவர்கள் மறுக்கலாம். அந்த ஆட்களைப் பிடித்து வைத்தது எழுதாத ஒரு பேரம். 'என் முறை வந்தால் நான் நிற்பேன். முறை முடிந்தால் என்னைப் பின்னால் அனுப்பு. சாப்பாடு கொடு, கடிதம் கொடு, விடுப்புக் கொடு, என் உயிரை வீணாக்காதே.' அது ஓரளவுக்கு நடந்தவரை நின்றார்கள். முறிந்த இடங்களில் நிற்கவில்லை. அந்தக் கதை பிறகு.

11 நவம்பர், இரவு

ஒரு நாள் எப்படிப் போகும் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். தலைகீழாகப் போகும். பகலில் தூக்கம், இரவில் வேலை.

விடியலுக்கு முன் எல்லோரும் துப்பாக்கியில் கத்தி செருகி, அகழிச் சுவரில் வெட்டிய படியில் ஏறி நிற்க வேண்டும். தாக்குதல் வருவதென்றால் அந்த அரை வெளிச்சத்தில்தான் வரும். எதிர்ப்பக்கத்திலும் இதே நேரத்தில் இதே போல் நிற்பார்கள். வெளிச்சம் வந்ததும் இரண்டு பக்கமும் இறங்கி, ரம் ஒரு வாய், வாட்டிய பன்றி இறைச்சி, தேநீர். பிறகு துப்பாக்கி சுத்தம், அதிகாரி வந்து பார்ப்பார். அப்புறம் காவலாள் தவிர மற்றவர்கள் சுவரில் குடைந்த பொந்துகளில் முடங்குவார்கள். மாலை மங்கும்போது மறுபடி படியேற்றம். இருட்டியதும் உண்மையான வேலை ஆரம்பம்: மணல்மூட்டை நிரப்பு, இடிந்த சுவரைக் கட்டு, பின்னாலிருந்து தண்ணீரும் வெடிமருந்தும் சுமந்து வா, முன்னால் போய் முள்கம்பி கட்டு.

முள்கம்பி கட்டும்போது எதிரி வெளிச்சக் குண்டு விட்டால் படுக்கக் கூடாது, ஓடவே கூடாது. எந்த நிலையில் இருக்கிறாயோ அப்படியே உறைந்து நிற்க வேண்டும், சுத்தியல் தலைக்கு மேலே தூக்கியிருந்தால் தூக்கியபடியே. அசைவுதான் கண்ணில் படும், நின்ற உருவம் கட்டையாகத் தெரியும். அந்த வெள்ளை ஒளி மெல்ல இறங்கி அணைகிற வரை கை வலிக்க நிற்பான், அப்புறம் அந்த அடியை அடித்து முடிப்பான்.

சுடுவதைவிட மண் வெட்டுவதுதான் அவன் தொழில். சேர்ந்தவர்களில் பலர் விவசாயக் கூலிகள், சுரங்கத் தொழிலாளிகள். உடம்பு நோகிற வேலையும் மேலே ஒருவன் நின்று ஏவுவதும் அவர்களுக்குப் புதிதில்லை. மத்தியதர வீட்டுப் பையன்கள்தான் முதல் மாதம் மிகவும் கஷ்டப்பட்டார்கள்.

12 நவம்பர்

பாரிஸிலிருந்து யாழ்ப்பாணத்து அண்ணர் ஒருவர் எழுதியிருக்கிறார்: 'நாங்கள் வளவுக்குள்ள பங்கர் வெட்டேக்கை நேரா வெட்டமாட்டம். ஒரு முறிப்பு விட்டு, மேல பனங்குத்தி அடுக்கி, மண்மூட்டை போடுவம். ஷெல் விழுந்தா ஒரு பக்கத்தோட போகட்டும் எண்டுதான். உங்கட வெள்ளைக்காரரும் அப்பிடியோ?'

அப்படியேதான் அண்ணை. வானத்திலிருந்து எடுத்த படங்களில் அந்த அகழிகள் கோட்டைச் சுவரின் பல்வரிசை மாதிரி வளைந்து வளைந்து போகும். சில கஜத்துக்கு ஒரு முறிப்பு. ஷெல் விழுந்தால் அந்த ஒரு துண்டில் இருப்பவர்கள் மட்டும் போவார்கள். எதிரி உள்ளே குதித்தாலும் நீளவாட்டில் சுட முடியாது. இதனால் ஒரு பக்கவிளைவும் உண்டு. முன்வரிசையில் நிற்கும் சிப்பாய்க்குத் தன் துண்டில் உள்ள நாலைந்து முகங்களைத் தவிர வேறெதுவும் தெரியாது. மேலே வானம், முன்னால் மண், தலைநீட்டினால் குறிபார்த்துச் சுடுபவன். கோடிக்கணக்கான பேர் சண்டை போடும் போரில் அவன் கண்ணால் கண்டது அந்த நாலைந்து பேரைத்தான். அவர்களுக்காக நின்றான் என்று எல்லா நாட்டு நினைவுக் குறிப்புகளும் ஒரே மாதிரி சொல்வதில் ஆச்சரியமில்லை.

13 நவம்பர்

மண்ணைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு முழுமையாகாது. இங்கே வடக்கே, பெல்ஜிய எல்லையை ஒட்டி, நவ் ஷப்பெல், ஆர்மாந்தியேர், ஈப்ர் பக்கமெல்லாம் களிமண். இரண்டு அடி தோண்டினால் தண்ணீர். அங்கே பல இடங்களில் கீழே தோண்டாமல் மணல்மூட்டைகளை மேலே அடுக்கிச் சுவராகக் கட்டினார்கள். தெற்கே அராஸ், சோம் பக்கம் போனால் சுண்ணாம்புப் பாறை. அங்கே ஜெர்மானியர் 30 அடி ஆழத்துக்கு நிலவறை குடைந்து, கட்டில், விளக்கு எல்லாம் போட்டு இருந்தார்கள். 1916 ஜூலை 1-ஆம் தேதிக்கு முன் ஒரு வாரம் பிரிட்டிஷ் பீரங்கிகள் இடித்தும் அவர்கள் சாகாமல் மேலே ஏறி வந்ததற்கு இந்தச் சுண்ணாம்பு முக்கியக் காரணம். அன்று ஒரே நாளில் பிரிட்டிஷ் தரப்பில் 57,470 பேர் விழுந்தார்கள், அதில் 19,240 பேர் செத்தார்கள்.

ஜனவரியில் ஒருமுறை பெல்ஜியத்தில் டிக்ஸ்முய்டே ஆற்றங்கரை அகழிக்குப் போனேன். மணல்மூட்டைகளைப் பிற்பாடு சிமென்டில் வார்த்து வைத்திருக்கிறார்கள், சேறு கிடையாது, நல்ல பூட்ஸ், கம்பளிச் சட்டை எல்லாம் போட்டிருந்தேன். அரை மணியில் கால்விரல்கள் மரத்துவிட்டன. காருக்கு ஓடிவந்து ஹீட்டர் போட்டதும்தான் 'அகழிக்கால்' நோய் கொஞ்சம் புரிந்தது. ஈரத்தில் நாள்கணக்கில் நின்ற கால் முதலில் மரத்து, பிறகு வீங்கி, நிறம் மாறி, அழுகும். 1914-15 குளிர்காலத்தில் ஆயிரக்கணக்கான பேர் இதனால் படுத்துவிட்டார்கள். ராணுவம் கண்ட மருந்து திமிங்கில எண்ணெய், மாற்றுக் காலுறை. இரண்டிரண்டு பேராகப் பிரித்து, ஒருவன் காலை இன்னொருவன் தேய்த்துவிட வேண்டும் என்று உத்தரவு. உன் கால் அழுகினால் என் மேல் குற்றம். கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் நோய் குறைந்தது. தன் காலைத் தேய்க்கச் சோம்பல்படுகிறவன்கூட அடுத்தவன் காலைத் தேய்ப்பான் போலிருக்கிறது.

16 நவம்பர்

'பேன் உண்மையா?' உண்மைதான். தலைப்பேன் இல்லை, சீலைப்பேன். சட்டையைக் கழற்றி உள்பக்கம் திருப்பி, தையல் ஓரமாக மெழுகுவர்த்திச் சுடரை மெல்ல நகர்த்துவார்கள். ஈர் படபடவென்று வெடிக்க வேண்டும், துணி கருகக் கூடாது. கை கொஞ்சம் நின்றால் சட்டை போச்சு. மிச்சம் இருந்த ஈர் உடம்புச் சூட்டில் பொரிந்து ஓரிரு நாளில் மறுபடி ஆரம்பம். ஆட்களைப் படுக்கையில் தள்ளிய ஒரு காய்ச்சலுக்குக் காரணம் இந்தப் பேன்தான் என்று 1918-ல்தான் உறுதியானது. வட்டமாக உட்கார்ந்து பேன் பார்த்துக்கொண்டே ஊர்க்கதை பேசுவது அவர்களுடைய திண்ணை.

தேநீரில் பெட்ரோல் வாடை அடிக்கும், ஏனென்றால் தண்ணீர் வந்தது பழைய பெட்ரோல் டின்களில். காலியான ஜாம் டப்பாவில் வெடிமருந்தும் உடைந்த இரும்பும் அடைத்துத் திரி வைத்து, 1915 வரை அதையே கையெறி குண்டாக வீசினார்கள். உலகின் பெரிய சாம்ராஜ்யம்!

17 நவம்பர்

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி. எதிரியோடு போட்ட பேரம்.

டோனி ஆஷ்வர்த் என்ற பிரிட்டிஷ் சமூகவியலாளர் இதைத் துருவி ஆராய்ந்து 1980-ல் வெளியிட்டார். அமைதியான பகுதிகளில் இரண்டு பக்கச் சிப்பாய்களும் பேசாமலேயே ஒருவரையொருவர் வாழவிட்டார்கள். காலைச் சாப்பாட்டு நேரத்தில் சுட மாட்டார்கள். உணவு சுமந்து வரும் வண்டிப் பாதையை அடிக்க மாட்டார்கள், ஏனென்றால் நாளைக்கு நம் பாதையையும் அவன் அடிப்பான். பீரங்கிக்காரர்கள் மேலிடத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டுமே, அதனால் தினமும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் சில குண்டுகள் போடுவார்கள். அந்த நேரத்தில் அந்த இடத்தில் யாரும் இருக்க மாட்டார்கள்.

ஓரிடத்தில் திடீரென்று ஜெர்மன் குண்டுகள் வந்து விழ, இரண்டு பக்கமும் படுத்துக்கொண்டார்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு ஜெர்மன் சிப்பாய் மண்மேட்டில் ஏறி நின்று கத்தினானாம்: மன்னிக்கணும், யாருக்கும் அடிபடவில்லையே, இது எங்கள் வேலை இல்லை, அந்தப் பாழாய்ப்போன பிரஷ்யப் பீரங்கிக்காரன்கள்! இவன் சாக்சன்காரன்; சாக்சனி, பிரஷ்யா இரண்டும் ஜெர்மனிக்குள்ளேயே வேறு வேறு பிரதேசங்கள். அவனுக்கு எதிரே இருந்த ஆங்கிலேயனைவிடத் தன் பக்கத்துப் பிரஷ்யன் மேல்தான் கோபம்.

மேலிடத்துக்கு இது பிடிக்கவில்லை. இரவில் திடீர்ப் புகுதல் நடத்தி ஒரு கைதியையாவது பிடித்து வா என்று உத்தரவு போட்டார்கள். கைதியைப் பொய்யாகக் காட்ட முடியாது. நேற்று வரை பேசாமல் விட்டவன் இன்று இரவு வந்து கத்தியால் குத்திவிட்டுப் போனான் என்றால் பேரம் அவ்வளவுதான், பழிவாங்கல் ஆரம்பம். பல இடங்களில் இப்படித்தான் அமைதி உடைந்தது.

20 நவம்பர்

'நீங்கள் சொல்வதைக் கேட்டால் பிக்னிக் போன மாதிரி இருக்கிறதே' என்று ஒருவர். நியாயமான குத்தல்.

சரி, மறுபக்கம். பிரிட்டிஷ் தரப்புக் காயங்களில் ஏறக்குறைய 60 சதவீதம் பீரங்கியாலும் மோர்ட்டாராலும் வந்தவை. கத்திச் சண்டைக் காயம் 1 சதவீதம்கூட இல்லை. அதாவது எதிரியை முகத்துக்கு நேரே பார்த்துச் சண்டை போடவில்லை; பொந்தில் சுருண்டு உட்கார்ந்து, வானத்திலிருந்து விழுவதற்காகக் காத்திருந்தார்கள். பழகியவர்கள் சத்தத்தை வைத்தே எந்தப் பீரங்கி, எங்கே விழும் என்று சொல்வார்கள். புதிதாக வந்தவன் எல்லாச் சத்தத்துக்கும் குனிவான், பழையவன் அவசியமான சத்தத்துக்கு மட்டும் குனிவான். இந்த அறிவு கிடைப்பதற்கு முன்பே முதல் சில வாரங்களில் பலர் செத்தார்கள்.

ஆனால் தொடர்ந்து மணிக்கணக்கில் அடிக்கும்போது அந்த அறிவால் பயன் இல்லை. ஓடவும் முடியாது, திருப்பி அடிக்கவும் முடியாது. கை நடுக்கம், பேச்சு நின்றுபோதல், காரணமில்லாத குருட்டுத்தன்மை. 1915 பிப்ரவரியில் சார்ல்ஸ் மையர்ஸ் என்ற மருத்துவர் இதைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார். முதலில் குண்டு அதிர்ச்சி மூளை நரம்பைக் கெடுக்கிறது என்று நினைத்தார்கள். குண்டு பக்கத்தில் விழாதவர்களுக்கும் வந்ததும் குழம்பினார்கள். ஒரு பட்டாலியனின் மருத்துவராக அகழியில் இருந்த மோரன், பிற்காலத்தில் சர்ச்சிலுக்கு மருத்துவரானவர், தைரியம் என்பது கையிருப்புப் பணம் என்றார். எடுக்க எடுக்கத் தீரும், எவ்வளவு பெரிய வீரனுக்கும் ஒருநாள் தீர்ந்துவிடும்.

இதனால்தான் முதல் பதிவில் முறை முறை என்று எழுதினேன். 1916-ல் வெர்டன் என்ற பிரெஞ்சுக் கோட்டை நகரச் சண்டையில் தளபதி பெத்தான் செய்தது இதுதான்: ஒரு டிவிஷனை (பல ஆயிரம் பேர் கொண்ட பெரும் படைப்பிரிவு) சாகும்வரை அங்கேயே வைக்காமல், தண்ணீர் இறைக்கும் சக்கரத்தின் வாளிகள் போல ஒன்று மாற்றி ஒன்றாக உள்ளே அனுப்பி வெளியே எடுத்தார். பிரெஞ்சுப் படையின் பெரும்பகுதி அந்த நரகத்தைப் பார்த்துவிட்டது, ஆனால் யாரும் அதிலேயே ஊறிக் கிடக்கவில்லை. ஜெர்மானியர் தங்கள் டிவிஷன்களை நீண்டநாள் அங்கேயே வைத்து, குறைந்த இடத்துக்குப் புது ஆட்களைக் கொண்டுவந்து நிரப்பினார்கள். வந்தவனுக்குப் பக்கத்தில் இருப்பவன் பேர்கூடத் தெரியாது.

24 நவம்பர்

வதந்தி. போரைப் பற்றிச் சிப்பாய்க்கு என்ன தெரியும் என்ற கேள்விக்குப் பாதி விடை இதுதான்.

வரலாற்றாசிரியர் மார்க் ப்ளோக் அந்தப் போரில் காலாட்படை சார்ஜென்டாக இருந்தவர். 1921-ல் அவர் எழுதியது: தணிக்கை வந்ததும் சிப்பாய்கள் அச்சில் வந்த எதையும் நம்புவதை விட்டார்கள், அச்சிட்டது பொய், வாயால் வந்தது மெய் என்ற பழைய காலம் திரும்பியது. வதந்தியின் சந்தை சமையல் வண்டி நிற்கும் இடம். பல அகழிகளிலிருந்து ஆட்கள் இரவில் சாப்பாடு வாங்க வருவார்கள், ஆளுக்கொரு கதையோடு திரும்புவார்கள்.

அவர் பார்த்த ஒன்று. 1917 செப்டம்பர், வட பிரான்ஸில் ஷமான் தே தாம் என்ற மேட்டுப் பகுதி. ஒரு ஜெர்மன் கைதி பிடிபட்டான், பிரெமன் ஊர்க்காரன். சில மணி நேரத்துக்குள் பின்வரிசையில் கதை: இவன் பக்கத்து ஊரான ப்ரேன்-இல் போருக்கு முன்பே குடியேறி வியாபாரம் செய்த ஒற்றன்! ஊர்ப் பெயர் காதில் மாறி விழுந்தது, ஆனால் அப்படி மாறி விழுவதற்கு எல்லோரும் முன்பே தயாராக இருந்தார்கள். ஒற்றர்கள் எங்கும் இருக்கிறார்கள் என்று நம்பினால் தோல்விக்குக் காரணம் தேட வேண்டியதில்லை.

அல்பேர் ஊர் மாதா கோயில் கோபுரச் சிலையும் அப்படித்தான். 1915 ஜனவரியில் குண்டு பட்டு, குழந்தையைக் கையில் ஏந்திய மாதா தெருவுக்கு மேலே படுக்கைவாட்டில் சாய்ந்து நின்றாள். சிலை விழும் நாளில் போர் முடியும் என்று நம்பிக்கை. சோமுக்குப் போன லட்சக்கணக்கான பேர் அதற்குக் கீழேதான் நடந்தார்கள். 1918 ஏப்ரலில் பிரிட்டிஷ் பீரங்கிகளே கோபுரத்தை அடித்து விழுத்தின, ஜெர்மானியர் அதில் ஏறி வேவு பார்க்கக் கூடாதென்று. போர் நவம்பரில் முடிந்தது. இப்போது அங்கே புதுக் கோபுரம், தங்கப் பூச்சோடு மாதா நேராக நிற்கிறாள். கீழே காபிக் கடையில் சாய்ந்த சிலை படம் போட்ட அஞ்சலட்டை விற்கிறார்கள். வாங்கினேன், சும்மா சொல்வானேன்.

இப்படி வேறு நம்பிக்கைகளும் உண்டு: ஒரே தீக்குச்சியில் மூன்றாமவன் சிகரெட் பற்ற வைக்கக் கூடாது, பெயர் எழுதிய குண்டுதான் நம்மைக் கொல்லும், மற்றதெல்லாம் தாண்டிப் போகும். படிப்பாளி சிரிக்கலாம். எந்த நொடியில் எங்கே விழும் என்று யாராலும் கணிக்க முடியாத இடத்தில் இந்தக் கணக்கு மற்றக் கணக்கைவிட மோசமில்லை.

29 நவம்பர்

'இந்தியர்கள் இல்லையா?' இருந்தார்கள். லாகூர் டிவிஷன் 1914 செப்டம்பர் இறுதியிலும், மீரட் டிவிஷன் அக்டோபரிலும் பிரான்ஸின் மார்செய் துறைமுகத்தில் இறங்கின. பருத்திச் சீருடை, ஐரோப்பியக் குளிர். அக்டோபரிலேயே ஈப்ர் பக்கம் அகழியில் இறக்கிவிட்டார்கள். 1915 மார்ச் 10-ல் நவ் ஷப்பெல் தாக்குதலில் பாதிப் படை இந்தியர்கள். பஞ்சாபிகள், பட்டாணியர், கூர்க்காக்கள், கடுவாலிகள். நம் பக்கத்து ஆட்கள் அந்த வரிசையில் அதிகம் இல்லை. புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சுப் படையில் சேர்ந்து போனவர்கள் உண்டு. கடற்கரைச் சாலையில் 1938-ல் எழுப்பிய நினைவுச்சின்னம் அவர்களுக்குத்தான். நான் அதன் பக்கத்தில் சுண்டல் தின்று வளர்ந்தவன், என்னவென்று படித்துப் பார்த்ததே பிரான்ஸ் வந்த பிறகு ஊருக்குப் போனபோதுதான்.

அந்தச் சிப்பாய்களின் கடிதங்கள் தணிக்கை அதிகாரிகளின் குறிப்புகளில் மிஞ்சியிருக்கின்றன. இது போர் இல்லை, உலகம் அழிகிறது என்று ஒரு காயம்பட்டவன் 1915 ஜனவரியில் ஊருக்கு எழுதினான். தணிக்கையைத் தாண்ட மிளகைக் கொண்டு பேசினார்கள். கறுப்பு மிளகு தீர்ந்துகொண்டிருக்கிறது, இனிச் சிவப்பு மிளகைப் போடுகிறார்கள் என்றால், இந்தியர்கள் செத்து முடிகிறார்கள், வெள்ளையர் வருகிறார்கள் என்று அர்த்தம். தணிக்கை அதிகாரிக்கும் புரிந்துதான் இருந்தது.

அவர்களின் பெரிய மனக்குறை சேறும் குளிரும் இல்லை. காயம் ஆறியதும் மறுபடி அகழிக்கே அனுப்பியதுதான். உப்புத் தின்றதற்கு ரத்தம் சிந்தியாயிற்று, கடன் தீர்ந்தது, இனி ஊருக்கு அனுப்ப வேண்டாமா? சாம்ராஜ்யத்தின் கணக்கில் கை கால் இருந்தால் ஆள் இருக்கிறான். பேரத்தை இரண்டு பேரும் வேறு வேறு விதமாகப் புரிந்துகொண்டிருந்தார்கள். 1915 இறுதியில் காலாட்படை டிவிஷன்களைப் பிரான்ஸிலிருந்து எடுத்து மெசபொட்டேமியாவுக்கு (இன்றைய ஈராக்) அனுப்பிவிட்டார்கள். அது இன்னொரு நரகம்.

8 டிசம்பர்

பேரம் முறிந்த கதை சொல்கிறேன் என்று முதல் நாளே எழுதினேன், இதோ.

1917 ஏப்ரல் 16. பிரெஞ்சுத் தளபதி நிவெல், 48 மணி நேரத்தில் முனையை உடைப்பேன் என்று சொல்லி ஷமான் தே தாம் மேட்டில் ஆட்களை ஏற்றினார். உடையவில்லை, ஆனால் தாக்குதல் நிற்கவும் இல்லை. மே, ஜூன் மாதங்களில் படைப்பிரிவு படைப்பிரிவாக மறுக்க ஆரம்பித்தார்கள். சில பிரிவுகள் வெட்டக் கொண்டுபோகும் ஆடுகள் மாதிரி 'மே' என்று கத்திக்கொண்டே நடந்தன. என்ன மறுத்தார்கள் என்பதைக் கவனியுங்கள். அகழியைக் காப்போம், ஜெர்மானியனை உள்ளே விட மாட்டோம், ஆனால் இந்த அர்த்தமற்ற தாக்குதலுக்கு ஏற மாட்டோம். கூடவே விடுப்பு, ஒழுங்கான சாப்பாடு, ஓய்வு. தொழிற்சங்கக் கோரிக்கை மாதிரியே இருக்கும்.

பெத்தான் பொறுப்பேற்றார். நூற்றுக்கணக்கானோருக்கு மரண தண்டனை விதித்தார்கள், நிறைவேற்றியது அதில் சிறு பகுதி. 4 மாதத்துக்கு 7 நாள் விடுப்பு உறுதியானது, சமையல் சீரானது, பெரிய தாக்குதல்கள் நின்றன. படை திரும்ப நின்றது. பயம் மட்டும்தான் காரணம் என்றால் சுட்டதே போதுமே, விடுப்பு எதற்கு?

அதே வருஷம் செப்டம்பரில், பிரான்ஸின் எத்தாப்ல் ஊர்ப் பயிற்சி முகாமில் பிரிட்டிஷ் ஆட்கள் கலகம் செய்ததும் அகழியில் இல்லை. அகழியில் வருஷக்கணக்கில் இருந்துவிட்டு வந்தவனைப் புதியவன் போல மணலில் ஓடவிட்டு, ராணுவப் போலீஸ் அதட்டினால்? அங்கேதான் வெடித்தது.

ஜெர்மானியர் 1918 மார்ச்சில் முன்னேறும்போது பிரிட்டிஷ் கிடங்குகளைக் கண்டு தாக்குதலை மறந்து தின்றும் குடித்தும் நின்றார்கள். வருஷக்கணக்காகப் பசி, வீட்டிலிருந்து வரும் கடிதத்திலும் பசி. எதிரியிடம் வெள்ளை ரொட்டி குவிந்திருப்பதைக் கண்ணால் பார்த்தவனுக்கு இனி ஜெயிப்போம் என்று சொல்லிப் புரிய வைக்க முடியுமா? ஆகஸ்ட் 8-ல் அமியான் சண்டையில் கூட்டம் கூட்டமாகச் சரணடைந்தார்கள். முன்னால் போகும் புதுப் படையைப் பார்த்துப் பின்வாங்கியவர்கள் 'வேலைநிறுத்தத்தை உடைக்கிறவனே' என்று திட்டியதாகத் தளபதி லூடன்டார்ஃபே எழுதியிருக்கிறார். அவருக்கு அது அவமானம். எனக்கு அந்த ஒரு வசவில் முழு விஷயமும் இருக்கிறது.

26 டிசம்பர்

கிறிஸ்துமஸ் அன்று இரண்டு பக்கச் சிப்பாய்களும் சேர்ந்து ஆடியதாகச் சொல்லும் கால்பந்து பற்றி மூன்று பேர் கேட்டாகிவிட்டது. 1914-ல் சண்டை நின்றது உண்மை, பல மைல் நீளத்துக்கு. முதலில் செய்தது நடுவே கிடந்த பிணங்களைப் புதைத்தது. பிறகு சிகரெட், பொத்தான், சாப்பாடு பரிமாற்றம். அங்கங்கே பந்தோ டப்பாவோ உதைத்ததாகக் குறிப்புகள் உண்டு, நடுவர் வைத்து முழு ஆட்டம் என்பதெல்லாம் பிற்கால அலங்காரம். அடுத்த வருஷம் கண்டிப்பான தடை. மீறிச் சிறிது நேரம் நிறுத்தியதற்காக ஸ்காட்ஸ் கார்ட்ஸ் கேப்டன் ஐயன் கோல்ஹூன் ராணுவ விசாரணையில் நின்றார்.

5 ஜனவரி

ரம் பற்றி: ஆமாம், மண்ஜாடியில் வந்தது, மேலே எஸ்.ஆர்.டி. என்று போட்டிருக்கும். ராணுவக் கிடங்கின் பெயர்ச்சுருக்கம். 'சேர வேண்டிய இடத்துக்கு அபூர்வமாகவே சேரும்' (Seldom Reaches Destination) என்று ஆட்கள் அதற்கு விளக்கம் வைத்திருந்தார்கள், வழியில் சார்ஜென்ட்கள் குடித்துவிடுவார்களாம்.

கோடையில் நவ் ஷப்பெல் வருகிறேன் என்று எழுதியவருக்கு: நினைவிடம் ஊருக்கு வெளியே நாற்சந்தியில், 1927-ல் திறந்தது, வட்டச் சுவரில் 4,700-க்கும் மேற்பட்ட பெயர்கள். வெயிலுக்குத் தொப்பி கொண்டு வாருங்கள், நிழல் குறைவு. வயல் ஓரம் துருப்பிடித்த உருளைகள் வைத்திருந்தால் அது விவசாயி உழும்போது கிடைத்த பழைய ஷெல், எடுத்துப்போக வரும் அரசு ஆட்களுக்காக வைத்தது. சிலவற்றில் விஷவாயு இன்னும் இருக்கிறது. படம் எடுங்கள், கை வைக்காதீர்கள்.